பிடித்த நாவல் தொடரை மேசையில் விளையாடுவது: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு பெரிய ஃபேன்டஸி நாவல் தொடரைக் கடைசிப் பாகம் வரை படித்து முடித்திருக்கிறார். நண்பர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே உலகத்தில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் நடத்த ஆசை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை (கேரக்டர்) எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்துகிற விளையாட்டு. அந்த நால்வரில் இரண்டு பேர் நாவலைத் தொட்டதே இல்லை. அந்தத் தொடருக்கென்றே உரிமம் பெற்று அச்சிட்ட விளையாட்டை வாங்கலாமா, இல்லை இந்த வகையில் ரொம்பப் பிரபலமான, கையில் இருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விதிகளை வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர், ஆட்பெயரை மட்டும் மாற்றி ஓட்டிவிடலாமா என்கிறார். தொடரின் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: கதைதான் தெரியுமே, அப்புறம் விளையாட என்ன மிச்சம்?

என் கணக்கில் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. படிக்கும்போது கிடைத்த அந்த ருசி மேசையில் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார். கிடைக்கும், ஆனால் எல்லா விளையாட்டிலும் கிடைக்காது. பல வருடங்களாக கேம் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்தி மற்ற ஆட்களையும் உலகத்தையும் ஆட்டுவிப்பவராக உட்கார்ந்து நாவல்வழி விளையாட்டுகள் பலவற்றை நடத்தியிருக்கிறேன். எது தேறும், எது தேறாது என்பதை அட்டைப்படத்தையும் வரைபடத்தையும் பார்த்துச் சொல்ல முடியாது. விதிப் புத்தகத்தைத் திறந்து மூன்று விஷயம் பார்ப்பேன். எதற்கெல்லாம் பகடை உருட்டச் சொல்கிறார்கள்? எது தீர்ந்துபோனால் கேரக்டர் சிக்கலில் மாட்டுகிறது? எதைச் செய்தால் புள்ளி கிடைக்கிறது? நாவல் எதை நினைத்துக் கவலைப்படுகிறதோ அதை நினைத்தே விதிகளும் கவலைப்பட்டால், வாங்கலாம். மற்றதெல்லாம் பெயர்ப்பலகை.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் உலகத்தை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். ஒரே மூலத்திலிருந்து வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் விளையாட்டு செய்திருக்கிறார்கள். 1984ல் ஐயர்ன் கிரவுன் என்டர்பிரைசஸ் நிறுவனம் மிடில் எர்த் ரோல் பிளேயிங் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் சுருக்கமாக மெர்ப் என்பார்கள். அந்த நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்த ரோல்மாஸ்டர் விதிகளின் சுருங்கிய வடிவம் அது. நூறு வரை எண் காட்டும் பகடை, காயங்களுக்கு நீளநீளமான அட்டவணைகள், எந்த எலும்பு முறிந்தது, எத்தனை சுற்றுக்கு ரத்தம் ஒழுகும் என்ற கணக்கு. மந்திரம் போடும் கேரக்டரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் வெளியிட்ட பிரதேசப் புத்தகங்களும் வரைபடங்களும் இன்றைக்கும் பார்க்க அழகு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்தால் அது வழக்கமான அந்தக் காலத்து ஃபேன்டஸி விளையாட்டு. ஊர் பெயர் ரிவெண்டெல் என்று இருக்கும், நடப்பது என்னவோ வாளால் வெட்டி அட்டவணை பார்ப்பது.

2011ல் வந்த தி ஒன் ரிங் வேறு ரகம். பிரான்செஸ்கோ நெபிடெல்லோவும் மார்கோ மாஜ்ஜியும் வடிவமைத்தது; முதலில் கியூபிக்கிள் 7 வெளியிட்டது, இரண்டாம் பதிப்பு இப்போது ஃப்ரீ லீக் கையில். பகடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பன்னிரண்டு முகப் பகடை. 1 முதல் 10 வரை எண்கள், மீதி இரண்டு முகங்களில் ஒன்றில் நாவலின் நல்ல மந்திரவாதி காண்டால்ஃபின் எழுத்து, இன்னொன்றில் வில்லன் சௌரானின் கண். எழுத்து விழுந்தால் கூட்டிப் பார்க்கவே வேண்டாம், வெற்றி. கண் விழுந்தால் அந்தப் பகடைக்குப் பூஜ்யம். அதோடு உங்கள் திறன் எவ்வளவோ அத்தனை ஆறுமுகப் பகடைகள். அவற்றில் 1, 2, 3 ஆகிய எண்கள் மட்டும் உள்ளே நிரப்பாமல் வெறும் கோடாக வரையப்பட்டிருக்கும். கேரக்டர் சோர்ந்துபோனால் அந்த மூன்று எண்களுக்கும் மதிப்பு கிடையாது.

உதாரணமாக, கூட்டத்துக்கு இரை தேடிப் போகிறவர் ஒருவர். அவருடைய வேட்டைத் திறன் மூன்று, இலக்கு எண் 15. பெரிய பகடையில் 7, சின்னதில் 2, 3, 5. மொத்தம் 17, இரை கிடைத்தது. அதே ஆள் நான்கு நாள் நடந்து களைத்திருந்தால் 2ம் 3ம் கணக்கில் வராது, மொத்தம் 12, வெறுங்கையோடு திரும்புகிறார். பகடை அதே பகடை, எண்கள் அதே எண்கள், கால் வலிதான் வித்தியாசம். சோர்வு எப்போது வரும் என்றால், உடம்பில் மிச்சம் இருக்கும் தெம்பு, தூக்கிச் சுமக்கும் பாரத்துக்கும் நடந்த களைப்புக்கும் சமமாக இறங்கும்போது. கனமான கவசம் போட்டவர் முதலில் சோர்வார். மலைப்பாதை ஏறும் முன் ஆட்டக்காரர்களே எதை விட்டுவிட்டுப் போவது என்று வாதாடத் தொடங்கிவிடுவார்கள். நாவலில் பக்கம் பக்கமாக நடக்கிறார்களே, அந்த நடை இங்கே விதியாகவே வந்துவிட்டது.

இதற்கு மேல் நம்பிக்கை, நிழல் என்று இரண்டு கணக்கு. நம்பிக்கைப் புள்ளியைச் செலவழித்தால் பகடை கைகொடுக்கும். பயங்கரத்தைப் பார்த்தாலோ, பேராசைப்பட்டாலோ, தீய காரியம் செய்தாலோ, சூனியத்தில் மாட்டினாலோ நிழல் ஏறும். நிழல் ஏறி ஏறி நம்பிக்கையைத் தொட்டுவிட்டால் ஆள் உள்ளுக்குள் உடைந்துபோனதாக அர்த்தம். மந்திரவாதிக் கேரக்டர் எடுக்க வழியே இல்லை. பாட்டுக்கும் விடுகதைக்கும் தனித் திறன்கள் உண்டு. பயணம் முடிந்தால் எங்காவது தங்கி இளைப்பாறும் கட்டம் ஒன்று வரும், அதையும் விதி கேட்டு வாங்குகிறது. நாவலைப் படிக்காத ஒருவர் இதை ஆடினாலும், அரக்கனை வெட்டுவதைவிட ஒரு கொடிய காரியத்தைச் செய்யாமல் இருப்பது கஷ்டம் என்பதைத் தானாகவே உணர்வார். மூலத்தின் பயம் அதுதானே.

இது எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சண்டைக்காகவே வருகிற கூட்டம் இரண்டாவது செஷனிலேயே (ஒருமுறை கூடி ஆடுவது ஒரு செஷன்) கொட்டாவி விடும். அது விளையாட்டின் குறையா, கூட்டத்தின் ருசியா என்பது வாதத்துக்குரியது. ஆனால் எந்த விளையாட்டு அந்த நாவலைப் போல் நடந்துகொள்கிறது என்று கேட்டால், எனக்குச் சந்தேகமே கிடையாது.

ரோஜர் ஜெலாஸ்னியின் ஆம்பர் நாவல்களுக்கு நேர்ந்தது இன்னும் சுவாரஸ்யம். 1970ல் தொடங்கிய தொடர். அரச குடும்பத்து உடன்பிறப்புகள் சிம்மாசனத்துக்காக ஒருவர் காலை ஒருவர் வாருகிற கதை. எரிக் வூஜிக் 1991ல் இதை விளையாட்டாக்கியபோது பகடையையே தூக்கி எறிந்துவிட்டார். ஆரம்பத்தில் ஓர் ஏலம். ஆளுக்கு 100 புள்ளி. மனவலிமை, உடல்பலம், தாங்குசக்தி, போர்த்திறன் என்று நான்கு. ஒவ்வொன்றையும் கேம் மாஸ்டர் தனித்தனியாக ஏலம் விடுவார். போர்த்திறன் வருகிறது என்று வையுங்கள். ஒருவர் 20 என்பார், எதிரே இருப்பவர் 25, மூன்றாமவர் சும்மா உசுப்பேற்ற 30. சூடு ஏறி 45 வரை போய், கடைசியில் ஒருவர் 48 சொல்லி முடிக்கிறார். அவருக்கு முதலிடம். 45 சொன்னவருக்கு முதலிடமும் இல்லை, அந்த 45 திரும்பி வரவும் வராது. ஏலம் முடிந்த பிறகு ரகசியமாகப் புள்ளி செலுத்தி ஓரளவு மேலே வரலாம் என்று ஒரு சந்து வேறு வைத்திருக்கிறார்கள். யார் எவ்வளவு ஏறினார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கதை ஆரம்பிப்பதற்கு முன்பே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குடும்பம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சண்டை வந்தால் நேருக்கு நேர் மோதினால் மேல் இடத்தில் இருப்பவர்தான் ஜெயிப்பார், முடிந்தது கதை. ஆகவே இரண்டாம் இடத்தில் இருப்பவர் நேராக மோத மாட்டார். எதிராளி களைக்கும் வரை இழுப்பார், வாள் சண்டையை மல்யுத்தமாக மாற்றப் பார்ப்பார், இடத்தைத் தனக்குச் சாதகமாகத் தேர்ந்தெடுப்பார். தொடரின் இரண்டாம் நாவலில் நாயகன் கார்வின் தன்னைவிடப் பல மடங்கு கைதேர்ந்த அண்ணன் பெனடிக்டோடு வாள் சுழற்ற நேர்கிறது. ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்து, ஆளைப் பிடித்துக்கொள்ளும் கறுப்புப் புல் வளர்ந்த இடத்துக்குப் பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்துக்கொண்டு போவான். வூஜிக்கின் விதி இந்த ஒரு காட்சியிலிருந்து பிறந்தது என்று நான் சொன்னால் அது என் ஊகம்தான். ஆனால் அந்த விதியில் ஆடுகிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைத்தான் செய்வார்கள்.

ஜாக் வான்ஸின் டையிங் எர்த் கதைகளுக்கு பெல்க்ரேன் பிரஸ் 2001ல் போட்ட விளையாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதன்மை வடிவமைப்பாளர் ராபின் டி. லாஸ். அங்கே வாளைவிட வாய்தான் ஆயுதம். ஆளை வசப்படுத்தப் பேசுவதற்கு ஆறு பாணி, வசப்படாமல் தப்பிப்பதற்கு ஆறு பாணி. சோம்பல், பேராசை, சாப்பாட்டு ஆசை போன்ற சபலங்கள் வந்தால் உங்கள் கேரக்டர் அவற்றுக்கு மசியாமல் இருக்கிறதா என்று பகடை உருட்டியே ஆக வேண்டும். செஷன் தொடங்கும்போது ஆளுக்குச் சில வாக்கியங்களைக் கொடுத்துவிடுவார்கள், எல்லாம் அந்தக் கதைகளின் அலங்கார நடையில். சமயம் பார்த்து அதில் ஒன்றை எடுத்துவிட்டு மேசையைச் சிரிக்கவைத்தால் வளர்ச்சிப் புள்ளி. அதாவது எழுத்தாளரின் நடையையே பரிசுக்குரிய செயலாக்கிவிட்டார்கள். பயங்கரமான கெட்டிக்காரத்தனம். ஒரே சிக்கல், இரண்டு ஆட்டம் ஆடினால் பிரமாதம், இரண்டு வருடம் ஆடினால் திகட்டும்.

ஜிம் புச்சரின் டிரெஸ்டன் ஃபைல்ஸ் நாவல்களுக்கு ஈவில் ஹேட் 2010ல் கொண்டுவந்த விளையாட்டில் ஒரு விதி மட்டும் போதும். கேரக்டருக்கு ரிஃப்ரெஷ் என்று ஒரு கணக்கு உண்டு. அமானுஷ்ய சக்தி எதை எடுத்தாலும் அது குறையும். எந்தச் சக்தியும் எடுக்காத சாதாரண மனிதருக்குக் கூடுதலாகவே கிடைக்கும். அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கேரக்டர் உங்கள் கையை விட்டுப் போய்விடும், இனி கேம் மாஸ்டர்தான் ஆட்டுவிப்பார். சக்தி கூடக் கூடச் சுயபுத்தி குறையும், முழுப் பேய்க்குத் தேர்வே கிடையாது, மனிதனுக்குத்தான் உண்டு என்பது அந்த நாவல்களின் அடிநாதம். ஒரு கூட்டல் கழித்தலில் அதைச் சொல்லிவிட்டார்கள். மூர்காக்கின் எல்ரிக் கதைகளுக்குக் கேயோசியம் 1981ல் போட்ட ஸ்டார்ம்பிரிங்கரும் இந்த வகைதான்: மந்திரம் என்றாலே பூதத்தை வரவழைத்துக் கட்டி வேலை வாங்குவது.

சரி, டி அண்ட் டி விதியில் பெயரை மாற்றி ஓட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் அதைப் பொதுவான விதி, எந்த உலகத்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதுவே ஒரு நூலகத்திலிருந்து பிறந்த குழந்தை. 1979ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பில், டி அண்ட் டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன்மேல் தாக்கம் செலுத்திய எழுத்தாளர்களைப் பட்டியலிட்டிருக்கிறார். வான்ஸ், ஃபிரிட்ஸ் லைபர், ராபர்ட் ஈ. ஹோவர்ட் எல்லாரும் அதில் உண்டு. மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்து, ஒருமுறை பிரயோகித்ததும் மறந்துவிடுகிற அந்த விதி நேரே வான்ஸின் கதையிலிருந்து வந்தது. 1974ல் வந்த முதல் பதிப்பில் டோல்கீனின் குட்டை மனிதர்களுடைய பெயரை எடுத்து ஹாபிட் என்றே அச்சிட்டிருந்தார்கள். டோல்கீன் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்த பிறகு அது ஹாஃப்லிங் ஆனது. ஆக, அந்த விதியில் உங்கள் நாவலை ஓட்டுவது என்றால், வேறு சில நாவல்களின் குணத்தை உங்கள் நாவலுக்குள் கொண்டுவருவதாகும். சில சமயம் அது பரவாயில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி, இடிபாடுகளுக்குள் இறங்கி, ஆளுக்கொரு மந்திரமும் ஆயுதமும் வைத்துச் சண்டை போடும் தொடர் என்றால் தாராளமாக ஓட்டலாம், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

எங்கே உதைக்கும் என்றால் உயிரின் மதிப்பில். டி அண்ட் டியில் பத்தாவது லெவல் வீரனை ஒரு சாதாரணக் காவலாளி கத்தியால் குத்தினால் அவன் தட்டிவிட்டுப் போவான். யாரும் எப்போதும் செத்துப்போகலாம் என்ற பயத்தில் ஓடுகிற நாவலுக்கு இது ஆகாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு இரண்டு விளையாட்டுகள் வந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2005ல் கார்டியன்ஸ் ஆஃப் ஆர்டர் போட்டது பெரும்பாலும் டி20 விதிகள், அதாவது அன்றைய டி அண்ட் டியின் எலும்புக்கூடு. 2009ல் கிரீன் ரோனின் போட்டதில் முதல் வேலையே கேரக்டர் செய்வது கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தை உருவாக்க வேண்டும். நிலம், செல்வம், செல்வாக்கு, மக்கள்தொகை, சட்டம் ஒழுங்கு, படைபலம், அரண் என்று அந்த வம்சத்துக்கே ஏழு மதிப்பெண்கள். பிறகுதான் அந்த வீட்டில் யார் மூத்தவன், யார் வளர்ப்பு, யார் வேலைக்காரன் என்று கேரக்டர்கள். பேச்சுவார்த்தைக்கும் சூழ்ச்சிக்கும் சண்டைக்குச் சமமான தனி விதிகள். தனி ஆள் செத்தாலும் வீடு நிற்கும், ஆட்டம் தொடரும். இந்த ஒரு மாற்றம் தொடரின் சாவுகளை மேசையில் தாங்கக்கூடியதாக ஆக்கிவிடுகிறது.

நான் சொன்னதற்கு எதிரான உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். தி ஒன் ரிங் வெளியிட்ட அதே கியூபிக்கிள் 7, 2016ல் அட்வென்சர்ஸ் இன் மிடில் எர்த் என்று டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் விதியிலேயே டோல்கீன் உலகத்தைக் கொண்டுவந்தது. மந்திரம் போடும் கேரக்டர் வகைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள், புதிய கேரக்டர் வகைகள், பயண விதி, நிழல் விதி எல்லாம் சேர்த்தார்கள். நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் டி அண்ட் டியை வளைக்க முடியும், ஆனால் பெயரை மாற்றினால் போதாது, ஒரு முழுப் புத்தகம் எழுதுகிற அளவுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் வாங்கிக்கொள்வது லாபம். ராபர்ட் ஜோர்டனின் வீல் ஆஃப் டைம் தொடருக்கு விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2001ல் டி20 விதியில் ஒரு புத்தகம் போட்டு, மறுவருடம் ஒரு சாகசப் புத்தகம் (மேசையில் நடத்துவதற்கென்று எழுதிய தயார்க் கதை) போட்டு, அதோடு நிறுத்திக்கொண்டது. அத்தனை அகலமான தொடருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்போது கதை தெரியுமே என்ற கவலை. இது நியாயமான கவலைதான், ஏனென்றால் தொழில்முறை ஆட்களே இதில் சிக்கித் திணறியிருக்கிறார்கள். டி அண்ட் டிக்காக உருவான டிராகன்லான்ஸ் உலகம் தலைகீழான விஷயம்: 1984ல் விளையாட்டுச் சாகசங்களும் நாவலும் கைகோத்தே வந்தன. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய முதல் நாவல் அந்த வருடக் கடைசியில் வந்தது. சாகசப் புத்தகங்களில் நாவலின் நாயகர்களையே ஆட்டக்காரர்களுக்குத் தயார் கேரக்டராகக் கொடுத்தார்கள். பின்னால் கதைக்குத் தேவைப்படும் ஒருவர் மேசையில் செத்துவிட்டால்? முதல் சாகசத்திலேயே அதற்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள்: உடல் கிடைக்காத மாதிரி, சந்தேகத்துக்கிடமாகச் சாகவிடு, பிறகு வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. தண்டவாளம் போட்டாயிற்று, ரயில் அதில்தான் ஓட வேண்டும்.

பிறகு வந்தவர்கள் இதிலிருந்து பாடம் படித்தார்கள். நாயகர்களையும் அவர்களுடைய வருடங்களையும் தொடாமல் பக்கத்து வருடங்களில் கூடாரம் அடிக்கிறார்கள். தி ஒன் ரிங் இரண்டாம் பதிப்பு, டோல்கீன் உலகத்து நாட்காட்டியில் மூன்றாம் யுகம் 2965ல் தொடங்குகிறது. 'ஹாபிட்' நாவலின் நாயகன் பில்போ வீடு திரும்பி இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோ மோதிரத்தோடு கிளம்ப இன்னும் ஐம்பது வருடம் கிடக்கிறது. கிரீன் ரோனினின் விளையாட்டு முதல் நாவலுக்குச் சற்று முந்தைய காலத்தில் நிற்கிறது. டிரெஸ்டன் ஃபைல்ஸில் உங்கள் கூட்டம் உட்கார்ந்து தங்களுக்கென ஒரு நகரத்தையே உருவாக்க வேண்டும். நாவல் நடக்கும் சிகாகோ கட்டாயம் இல்லை, புத்தகமே பால்டிமோரை உதாரணமாக எடுத்துக் காட்டுகிறது. வாங்கும் முன் இதையும் பாருங்கள். எந்த வருடத்தில், எந்த ஊரில் ஆட்டக்காரர்களை நிறுத்துகிறது? நாயகன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில் நிறுத்தினால் அந்தச் சாகசத்தைத் தொடாதீர்கள்.

நாவல் இல்லாத இடத்தில் உலகம் தாங்குமா என்று சந்தேகம் வந்தால், எதிர்த்திசையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸ்ல்மாண்டும் மலசான் உலகத்தை முதலில் தங்கள் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்காகத்தான் உருவாக்கினார்கள், நாவல்கள் பிறகு வந்தன. ரேமண்ட் ஃபைஸ்டின் மிட்கெமியா சான் டியேகோவில் பல்கலைக்கழக நண்பர்களின் ஆட்டத்தில் வளர்ந்தது. ஒரு நல்ல உலகத்தில் ஒரு கதைக்கு மேல் இடம் இருக்கும். உங்கள் தொடரை மனதில் ஓட்டிப் பாருங்கள். நாயகர்கள் கடந்துபோன ஊர்களில் அவர்கள் போன பிறகு என்ன ஆனது என்று கேட்டால் பதில் வருகிறதா? வந்தால் அந்த ஊரில் ஆட்டம் தொடங்கலாம். முழு உலகமும் ஒரே ஒரு நாயகனின் விதியைச் சுற்றியே கட்டப்பட்டு, அவன் இல்லாத இடமெல்லாம் வெறும் திரைச்சீலையாக இருந்தால், எந்த விளையாட்டு வந்தாலும் சிரமம்தான். சில அருமையான நாவல்கள் இந்த இரண்டாம் வகை. படிக்க அற்புதம், விளையாட ஒன்றும் இல்லை.

நான் முதல் நாளே மேசையில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: ஆட்டம் தொடங்கும் அந்த வருடம் வரை நாவலில் உள்ளது உண்மை, அதற்குப் பிறகு மேசையில் நடப்பதுதான் உண்மை. இதைச் சொல்லாவிட்டால், படித்தவர் ஒருவர் ஒவ்வொரு காட்சியிலும் 'அந்தக் கோட்டைக்கு அந்தப் பக்கம் வாசலே கிடையாது' என்று திருத்திக்கொண்டே இருப்பார். படிக்காத இரண்டு பேரைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள், என் அனுபவத்தில் தொந்தரவு வருவது படித்தவர்களிடமிருந்துதான். படிக்காதவர்கள் ஏன், எதற்கு என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியில் ஆட்டம் நகரும். அவர்களுக்கு வெளியூர்க்காரக் கேரக்டர்களைக் கொடுங்கள், தெரியாமல் இருப்பது அவர்களுக்கு இயல்பாகிவிடும். படிக்க ஒரு பக்கத்துக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள். வரலாற்றுச் சுருக்கம் என்று இருபது பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், நீங்களும் மனம் நொந்துபோவீர்கள்.

பணம் போடுவதைப் பற்றி. நாவல்வழி விளையாட்டுகளுக்கு ஆயுள் குறைவு, இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. உரிமம் ஒரு காலக்கெடுவுக்குத்தான். ஐயர்ன் கிரவுன் 1999ல் டோல்கீன் உரிமத்தை இழந்தது. பிறகு டெசிஃபர் 2002ல் ஒரு விளையாட்டு போட்டது, அதன் பிறகு கியூபிக்கிள் 7, இப்போது ஃப்ரீ லீக். ஹோவர்டின் கோனன் கதைகளோ கைமாறிக்கொண்டே இருக்கின்றன: 1985ல் டி அண்ட் டியை அப்போது வெளியிட்ட டிஎஸ்ஆர், பின்பு ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், 2004ல் மங்கூஸ், 2017ல் மோடிஃபியஸ். உரிமம் முடிந்ததும் அச்சுப் புத்தகம் மட்டுமல்ல, பிடிஎஃப் விற்பனையும் நின்றுபோகும். ஆகவே அடிப்படைப் புத்தகம் ஒன்றை மட்டும் வாங்குங்கள். துணைப் புத்தகங்களை ஆட்டம் ஆறு மாதம் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வரிசை நின்றுபோன விளையாட்டு என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். பகடையும் புத்தகமும் கையில் இருந்தால் ஆட்டத்துக்குக் காலாவதி கிடையாது. புதிதாக வந்ததில் பெரிது பிராண்டன் சாண்டர்சனின் காஸ்மியர் நாவல்களுக்கானது. பிரதர்வைஸ் கேம்ஸ் 2024ல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டியபோது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதை நான் இன்னும் மேசையில் நடத்திப் பார்க்கவில்லை, ஆகவே எடைபோட மாட்டேன். ரசிகர் கூட்டம் பெரிது என்பதற்கு அது சான்று, விதி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

உங்கள் தொடருக்கு விளையாட்டே வரவில்லை, அல்லது வந்தது உருப்படியாக இல்லை என்றால், நாவலின் குணத்துக்கு ஒத்துப்போகும் வேறு விளையாட்டின் விதியைக் கடன் வாங்குங்கள். தலைமுறை தலைமுறையாக ஓடும் வம்சக் கதையா? கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகனைப் பாருங்கள். 1985ல் வந்தது. ஆர்தர் மன்னன் கதைகளுக்கானது என்றாலும், கருணை, கொடூரம் என்று எதிரெதிர்க் குணங்களை ஜோடியாக வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற அதன் கணக்கு எங்கும் பொருந்தும். ஒரு சாகசம் முடிந்தால் ஒரு குளிர்காலம், கல்யாணம், பிள்ளை, கடைசியில் அந்தப் பிள்ளையை எடுத்து ஆடுவீர்கள். திருட்டுக் கும்பல் கதையா? ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க். உடன்பிறப்புச் சண்டை என்றால் ஆம்பரின் ஏலத்தை அப்படியே உருவி எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் நண்பர்களோடு ஆடுவதற்கு இப்படிச் செய்வதை யாரும் கேட்கப் போவதில்லை. செய்ததைத் தொகுத்து விற்கவோ பொதுவில் வெளியிடவோ நினைத்தால் அது வேறு விவகாரம். சட்டம் என் துறை இல்லை, தெரிந்தவரைக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் நேராக மாதக்கணக்கில் ஓடும் தொடர் ஆட்டத்தில் (கேம்பெயின்) இறங்காமல், ஒரு சின்ன ஊர், ஒரு சின்னச் சிக்கல் என்று இரண்டு மூன்று செஷன் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது செஷன் முடிவில் எல்லாருடைய கேரக்டர் ஷீட்டையும், அதாவது கேரக்டரின் எண்களை எழுதி வைக்கும் தாளையும் வாங்கிப் பாருங்கள், எந்த எண் அதிகம் அழித்து எழுதப்பட்டிருக்கிறது என்று. பயணத்தையும் துரோகத்தையும் பற்றிய நாவலில் வெறும் உயிர்ப்புள்ளி மட்டும் அழிந்து அழிந்து காகிதம் ஓட்டையாகியிருந்தால் வேறு விதிக்கு மாறிவிடுங்கள், அப்போது மாறுவது சுலபம். அதற்குள் படிக்காத இரண்டு பேரும் நாவலைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அவர்கள் படிக்கும் கதையும் உங்கள் மேசையில் நடக்கும் கதையும் இனி ஒத்துப்போகாது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் கோட்டை வாசலைப் பற்றித் திருத்துகிறவர்கள் நான்கு பேராகிவிடுவார்கள்.